சபாநாயகர் கொடுத்த மரச்சுத்தி

குழந்தை அழுவது காதில் விழும் முன்னாலேயே மாருக்குத் தெரிந்துவிடுகிறது. மண்டபத்தின் கடைசியில், செருப்பு குவிந்து கிடக்கிற வாசல் ஓரமாக, நாத்தனார் செண்பகா அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறாள், அங்கிருந்து ஒரு சிணுங்கல் கிளம்பியிருக்க வேண்டும், இங்கே மேடையில் எனக்கு ஊசி குத்துகிற மாதிரி குத்திச் சுரந்துவிட்டது, இடது பக்கம், ரவிக்கை நனைகிறது, மாம்பழ நிறப் பட்டு, நனைந்தால் கறுத்துத் தெரியும். மாலைதான் காப்பாற்றுகிறது. போட்ட உடனே எல்லாரும் மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்கள், அதுதானே மரியாதை, கம்பெனி மேனேஜர் கழற்றினார், பி.டி.ஓ. கழற்றினார், எங்கள் வீட்டுக்காரரின் பெரியப்பா கன்னியப்பன் மாமா கழற்றினார், நான் கழற்றவில்லை, கழற்ற முடியாது, இன்னும் ஒரே ஒருத்தர் கழற்றவில்லை, எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கிற கொரியாக்காரர், கழற்ற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போல. ரோஜா மாலையோடு அவரும் சம்பங்கி மாலையோடு நானும், அதுவும் இந்த மண்டபத்தின் சிவப்பு வெல்வெட் கல்யாண நாற்காலியில். பொம்பளைகள் வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். 'ஜோடி பொருத்தமா கீது பாரேன்' என்று கஸ்தூரி அக்கா சொல்வது அவள் உதட்டிலேயே தெரிகிறது. எண்பது வயதிருக்குமா இவருக்கு, கை பழுத்த வாழைப்பழத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக இருக்கிறது, அந்தக் கையில் ஒரு விரல் மட்டும் முட்டிமேல் தட்டிக்கொண்டே இருக்கிறது, தட்டுகிறது, நிற்கிறது, மறுபடி தட்டுகிறது. முன்வரிசையில் இருந்து எங்கள் வீட்டுக்காரர் கண்ணைக் காட்டுகிறார், மாலையைக் கழற்று, கழற்று. நான் பார்க்காத மாதிரி மேலே மின்விசிறியைப் பார்க்கிறேன். விசிறியில் ஒட்டடை. அழாதேடி என் தங்கமே, இன்னும் கொஞ்ச நேரம், அம்மா ஒரு வேலை முடித்துவிட்டு வந்துவிடுகிறேன், ஒரு வார்த்தை கேட்க வேண்டும், மூன்று தடவை தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

'திரு பியோன் சாங் மான் அவர்கள், கொரிய நாடாளுமன்றத்தின் முன்னாள் சபாநாயகர்' என்று ஹேமலதா ஆரம்பித்துவிட்டாள். கம்பெனியில் கொரியாக்காரர்கள் பேசுவதைத் தமிழில் சொல்கிற பெண் அவள், என்னைவிடச் சின்னவள், மைக்கை எப்படிப் பிடித்திருக்கிறாள், நான் கரண்டி பிடிக்கிற மாதிரி, அவ்வளவு சுளுவாக. கம்பெனி முதலாளியும் இவரும் ஒரே ஊராம், பழைய சிநேகமாம், சுற்றிப்பார்க்க வந்தவருக்கு இங்கே கிராம சபை எப்படி நடக்கிறது என்று காட்ட வேண்டும் என்று மேனேஜருக்குத் தோன்றி, இன்றைக்கே ஒரு சிறப்புக் கிராம சபை. இவருடைய ஊர் கடலோரமாம். அம்மா கடல்பாசி அறுத்து விற்றவளாம், அப்பா படகோடு போனவர் வரவில்லையாம். பாசி என்றால் வழுக்குமே. அந்த அம்மா எத்தனை தடவை விழுந்தாளோ. கைக்குழந்தையை எங்கே விட்டுவிட்டுப் போனாள், பாறைமேலேயா, அழுதால் அலைச் சத்தத்தில் கேட்டிருக்காது, ஆனால் மாருக்குத் தெரிந்திருக்கும், பாசியோடு பாசியாக நனைந்துகொண்டு நின்றிருப்பாள். ஹேமலதா அதையெல்லாம் சொல்லவில்லை, அவள் அதற்குள் கையுறை தைக்கிற மில்லுக்குப் போய்விட்டாள், அங்கே வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தார், மில்லுக்காரர்களுக்காக வாதாடினார், பட்டாளத்து ஆட்சியில் ஜெயிலுக்குப் போனார், தேர்தலில் நின்றார், ஜனங்கள் தோற்கடித்தார்கள், மறுபடி நின்றார், மறுபடி தோற்கடித்தார்கள். கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். என்னை யாரும் தோற்கடிக்கவில்லை. நான் ஓட்டே கேட்கவில்லையே. பொம்பளைகளுக்கு ஒதுக்கின ஊராட்சி என்று அறிவிப்பு வந்த அன்றைக்குக் கன்னியப்பன் மாமா கூடத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே, 'வேதகிரி, உன் பொண்டாட்டி பேரு இன்னாடா முழுசா' என்று கேட்டார், நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், இவர் 'அம்சவேணி பெரியப்பா' என்றார், அப்படித்தான் நின்றேன். போஸ்டரில் இவர் படம் ஆளுயரம், என் படம் தீப்பெட்டி அளவு, ரேஷன் அட்டைக்கு எடுத்த படம், கண் பாதி மூடியிருக்கும். 'பேரு மட்டும்தான்டி உன்னுது, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்.' பதவிப்பிரமாணம் அன்றைக்கு எழுதிக் கொடுத்ததைப் படித்தேன், எட்டாவது வரைக்கும் படித்தவள்தானே, எழுத்துக்கூட்டாமல் படிப்பேன், ஆனால் சத்தம் தொண்டையில் ஏறவில்லை, அந்த அதிகாரி நல்ல மனுஷர், 'கடைசி வரிசைக்குக் கேக்கலைம்மா, கொஞ்சம் சத்தமா' என்றார், மறுபடி படித்தேன், இன்னும் சின்னதாகப் போய்விட்டது, கன்னியப்பன் மாமாதான் எழுந்து, 'கேட்டுது சார், கேட்டுது, எழுதிக்குங்க' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவரை எல்லாரும் பிரசிடெண்டு என்பார்கள், என்னைப் பிரசிடெண்டு சம்சாரம் என்பார்கள். ஒருநாள் தபால்காரர் வாசலில் நின்று 'பிரசிடெண்டு இருக்காங்களா' என்று கேட்டார், நானே சொன்னேன், 'அவர் வெளிய போயிருக்காருங்க.'

அழுகை நின்றுவிட்டதா, இல்லை, செண்பகா வெளியே தூக்கிப் போய்விட்டாளா. வெயிலில் நிற்க வேண்டாம் என்று சொன்னேனே. கடைசியில் ஒரு தேர்தலில் ஜெயித்துவிட்டாராம், ஹேமலதா சொல்கிறாள், அதற்குப் பிறகு தோற்கவே இல்லையாம், தலைமுடி நரைக்க நரைக்க மேலே போனாராம், சபாநாயகர் ஆனாராம். சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்தால் அவர்கள் நாட்டில் கட்சியை விட்டு விலகிவிட வேண்டுமாம், அது சட்டமாம், எந்தக் கட்சிக்காக ஜெயிலுக்குப் போனாரோ அந்தக் கட்சியும் கிடையாது, எதிர்க்கட்சியும் கிடையாது. முன்வரிசை ஆம்பளைகள் 'அப்பிடியா' என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள், கட்சி இல்லாத மனுஷன் எப்படிச் சாப்பிடுவான் என்கிற மாதிரி. எனக்கு அது அதிசயமாக இல்லை. தாலி கட்டின அன்றைக்கே எனக்கு அது ஆகிவிட்டது. அம்மா வீட்டுக்குப் போனால் 'உங்க ஊர்ல மழையா' என்கிறாள் அம்மா, இங்கே மாமியார் 'உங்க ஊர்ப் பழக்கத்தை இங்க காட்டாதே' என்றாள், இரண்டு பக்கமும் உங்க ஊர், உங்க ஊர். மழை. மழை என்று ஏன் நினைத்தேன். நினைக்கவே கூடாது என்று இருந்தேன். போன ஐப்பசியில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. வழிகிற தண்ணீர் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற கால்வாயில் விழுந்து ஆற்றுக்குப் போய்விடும், எப்போதும் அப்படித்தான், ஆனால் அந்த வருஷம் கம்பெனிக்காரர்கள் ரோட்டுக்காகப் பாதிக் கால்வாயை மண் கொட்டி மூடி ஒரு குழாய் வைத்திருந்தார்கள். குழாய்க்குள் தண்ணீர் போகவில்லை, வீட்டுக்குள் வந்தது. நான் நிறைமாசம். இவர் கம்பெனிக்குள் தண்ணீர் புகாமல் மோட்டார் ஏற்பாடு செய்யப் போயிருந்தார். கட்டில்மேல் நின்றேன், கட்டில் மிதக்கப் பார்த்தது, அதன்மேல் ஸ்டூல் போட்டு நின்றேன், சிலிண்டர் ஆடி ஆடிச் சுவரில் இடித்தது, டங், டங், தண்ணீர்ப்பாம்பு ஒன்று வாசற்படியில் யாரோ விருந்தாளி மாதிரி நின்று உள்ளே பார்த்தது. வயிற்றுக்குள் இவள் உதைத்தாள். 'யாராச்சும் வாங்களேன்' என்று கத்தினேன், கத்தினேன் என்றுதான் நினைத்தேன், வாய் திறந்ததே தவிர சத்தம் வரவில்லை, பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்கா மொட்டை மாடியில்தான் இருந்தாளாம், 'ஒரு குரல் குடுத்திருந்தா கயிறு போட்டிருப்பேனேடி பாவி' என்று தண்ணீர் வடிந்த பிறகு சொன்னாள். ஒரு குரல். அதுதானே என்னிடம் இல்லாதது. இப்போது மீதிக் கால்வாயையும் மூடிச் சிமெண்ட் தளம் போட்டு லாரி நிறுத்தப் போகிறார்கள். அதற்கு ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம். அதைத்தான் நான் இன்றைக்குத் தட்டி நிறைவேற்றிக் கொடுக்க வேண்டும். சொல்லிப் பார்த்தேன், சொல்லவில்லை என்று இல்லை. இவரைப் பார்த்துச் சொல்ல வராது, அடுப்பைப் பார்த்துத்தான் சொல்வேன். 'அதையும் மூடிட்டா தண்ணி எங்க போவும்' என்றேன் சோற்றுப் பானையிடம். 'உனக்கு இன்னா தெரியும், என்ஜினியர் பாத்துக்குவான், ரசம் ஊத்து' என்றார். ஊற்றினேன்.

சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறார்கள், ரவிக்கை தெரிகிறதா, மாலை விலகிவிட்டதா, இல்லை, ஹேமலதா என்னவோ வேடிக்கை சொல்லியிருக்கிறாள். அங்கே சபாநாயகர் மரச்சுத்தியால் மூன்று தடவை தட்டினால்தான் எதுவும் நிறைவேறுமாம், இரண்டு தட்டு செல்லாதாம், அதனால் பிடிக்காத சட்டம் வந்தால் எதிர்க்கட்சிக்காரர்கள் மேடையில் ஏறிச் சுத்தியைப் பிடுங்குவார்களாம், மேசைமேல் படுத்துக்கொள்வார்களாம். ஜெயித்த புதிதில் இவரே ஒருதடவை சுத்தியைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாராம். 'நம்ம ஆளுதான்' என்று யாரோ கத்தினார்கள், விசில். பிறகு இவரே சபாநாயகர் ஆனபோது இவருடைய சுத்தியை ஒளித்தார்களாம். ஹேமலதா அவர் காதில் எல்லாரும் சிரிப்பதைச் சொன்னாள், அவர் தலையாட்டிச் சிரித்தார், பல்செட்டு, ஆனால் விரல் நிற்கவில்லை, முட்டிமேல் தட்டிக்கொண்டேதான் இருக்கிறது, இப்போது எண்ணிப் பார்த்துவிட்டேன், மும்மூன்றாகத் தட்டுகிறார். எத்தனை வருஷமாகத் தட்டின கையோ, வேலையை விட்டும் நிற்கவில்லை, மடியில் பிள்ளை இல்லாதபோதும் எனக்குத் தொடை ஆடுகிறதே, அந்த மாதிரி. தூக்கத்திலும் தட்டுவாரா. எதை நினைத்துத் தட்டுவார். தட்டினது எல்லாம் சரிதானா என்றா. பிறகு மேனேஜர் ஒரு பெட்டியைத் திறந்தார், அவர் எழுந்தார், நானும் எழுந்தேன், அவர் இரண்டு கையாலும் குனிந்து ஒரு மரச்சுத்தியும் வட்டமாக ஒரு மரக்கட்டையும் நீட்டினார், நம் ஊர்ச் சபாநாயகருக்கு அந்த நாட்டுச் சபாநாயகர் தருகிற பரிசு, ஹேமலதா சொல்கிறாள், நான் இடது கையால் மாலையை மாரோடு அழுத்திக்கொண்டு வலது கையால் மட்டும் வாங்கினேன். மேனேஜர் முகம் சுருங்கிவிட்டது. ஒற்றைக் கையால் வாங்குவது அவர்களுக்கு அவமரியாதையாம், நேற்றே சொல்லிக் கொடுத்தார்கள், நினைவு இருந்தது, கைதான் இல்லை. கிழவர் ஒன்றும் நினைத்த மாதிரித் தெரியவில்லை. என் ஈரத்தைப் பார்த்தாரோ என்னவோ, சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், கடல்பாசிக்காரி பிள்ளைதானே. 'இன்னாடி அது, பருப்பு கடையவா' என்று கீழே யாரோ கேட்டாள், 'இல்லடி, புருஷன் மண்டையில போட' என்றாள் இன்னொருத்தி, அந்த வரிசையே குலுங்குகிறது. கன்னியப்பன் மாமா பின்னால் இருந்து குனிந்தார், வாயில் வெற்றிலை வாசனை. 'அம்சா, பயப்படாத. செயலர் படிப்பாரு. ஆட்சேபணை உண்டான்னு ஒரு கேள்வி. மூணு தட்டு. போட்டாக்காரன் இருக்கான், சிரிச்ச முகமா இரு.' முன்வரிசையில் இருந்து இவர் மேடை ஓரம் வந்து நின்றார், இவருக்கு மாமா மாதிரிச் சிரிக்க வரவில்லை. 'கேட்டுட்டு நிக்காத. கேட்ட உடனே தட்டிடு. மடமடன்னு. புரியுதா?' தலையாட்டினேன். என் தலை தானாகவே ஆடும், பூம்பூம் மாடு கெட்டது.

எல்லாரும் உட்கார்ந்தாயிற்று, செயலர் ரகுபதி படிக்கிறார். கலங்கல் கால்வாய், சர்வே எண், தளம் அமைக்க, ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லை எனத் தீர்மானிக்கப்படுகிறது. அவ்வளவு தண்ணீரும் ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது. கட்டை மேசைமேல் இருக்கிறது, சுத்தி கையில் இருக்கிறது, நினைத்ததைவிடக் கனம், பிடி வழுவழுவென்று இருக்கிறது, வியர்வையில் நழுவுகிறது. எனக்கு முன்னால் மைக்கை இழுத்து வைத்துவிட்டார்கள். 'யாருக்காவது' என்றேன், என் மூச்சு மண்டபம் முழுக்கப் புஸ்ஸென்று கேட்டது, 'ஆட்சேபணை உண்டா?' கேட்டாயிற்று. கேட்ட உடனே தட்ட வேண்டும். கஸ்தூரி அக்காவைப் பார்க்கிறேன், அவள் வீட்டிலும்தான் தண்ணீர் வந்தது, அவள் மகன் கம்பெனி கேண்டீனில் இருக்கிறான், அக்கா தன் கால் விரல் மெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மேலத்தெரு, கீழத்தெரு, எல்லாரும் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருத்தரும் மேடையைப் பார்க்கவில்லை. மேடை ஓரத்தில் இவர் கை, தட்டு, தட்டு. தட்டினேன். டக். சின்னச் சத்தம்தான், மைக் அதைப் பெரிசாக்கிவிட்டது, அந்த நிமிஷம் பின்னால் இருந்து மீன்காரத் தசரதன், ஏரி மீன் ஏலத்துக்கு எப்போதும் கூவுகிறவர், வாய் சும்மா இருக்காது அவருக்கு, 'ஒரு தரம்!' என்று கூவினார். மண்டபம் வெடித்துச் சிரித்தது. பி.டி.ஓ.வே சிரித்தார். கிழவர் ஹேமலதாவைப் பார்த்தார், அவள் வாய் பொத்திக்கொண்டு சொன்னாள், அவரும் சிரித்தார். கை தானாக மறுபடி இறங்கியது. டக். 'ரெண்டு தரம்!' இப்போது ஊரே கூவியது, பொம்பளைகள்கூட, பிள்ளைகள்கூட. கூவிவிட்டு அப்படியே அடங்கிவிட்டது. அடங்கும், எனக்குத் தெரியும். ஏலத்துக்குப் பொம்பளைகள் போகக் கூடாது, ஆனால் துணி துவைக்கிற கல்லில் நின்று நான் பார்த்திருக்கிறேன், ரெண்டு தரம் சொன்னதும் கரை முழுக்க மூச்சை நிறுத்திக்கொள்ளும், துடுப்பைப் போட்டுவிடுவார்கள், பீடியை வாயில் இருந்து எடுத்துவிடுவார்கள், தசரதனும் அவசரப்பட மாட்டார், மூணு தரம் சொல்லாத வரைக்கும் ஏரி யாருடையதும் இல்லை, கேட்கிறவன் கேட்கலாம், எவனும் கேட்கலாம், கேட்டால் யாரும் அவனை ஏன் கேட்டாய் என்று சொல்ல முடியாது. இப்போது அதே மௌனம். யாராவது கேட்கட்டும். யாராவது. கஸ்தூரி அக்கா தலையைத் தூக்கிவிட்டாள், மெட்டியை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறாள், தசரதன் வாய் திறந்தபடி என்னைப் பார்க்கிறார், எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள், ஏன் என்னை, நான் சுத்தி பிடித்தவள், நான் கேட்கிறவள், பதில் சொல்கிறவள் இல்லையே. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு 'தட்டுடி' என்கிறார், சத்தமில்லாமல். பக்கத்தில் முட்டிமேல் அந்த விரல், ஒன்று, இரண்டு, தூக்கியபடி நிற்கிறது. வாசல் பக்கம் இருந்து குழந்தை வீறிட்டது. சுரந்துகொண்டு வந்தது, இரண்டு பக்கமும், நிறுத்த முடியாமல், மாலையைத் தாண்டி, புடவையைத் தாண்டி, நனையட்டும், தண்ணீர் ஸ்டூல் வரைக்கும் ஏறினபோது நனையாததா. சிலிண்டர் சுவரில் இடித்தது, டங், டங். மூன்றாவது தடவை அது இடிக்கவே இல்லை, அதற்குள் தண்ணீர் அதைத் தூக்கிவிட்டது. சுத்தியை மடியில் வைத்தேன். 'எனக்கு இருக்குது' என்றேன். யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. 'எனக்கு ஆட்சேபணை இருக்குது. அதையும் மூடிட்டா தண்ணி எங்க போவும்?' அடுப்பில்லை, பானையில்லை, எதிரே முகங்கள்தான். கன்னியப்பன் மாமா 'ஏய்' என்று எழுந்தார், எழுந்தவர் அப்படியே நிற்கிறார், கேட்கவில்லை என்று சொல்ல முடியாது இனிமேல், மண்டபத்தின் கடைசியில், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், செண்பகா குழந்தையோடு நடப்பதை நிறுத்திவிட்டு மேடையைத் திரும்பிப் பார்க்கிறாள்.